உள்ளே தண்ணீர் ஊற்றிப் பார்த்த படகு

மாப்பிள்ளை,

உன்னை எடுத்துப் போன அன்றைக்கு உன் வீட்டு வாசலில் ஷாமியானா கட்டியிருந்தார்கள். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பூப்போட்ட அதே மாதிரித் துணி. பூந்தமல்லியில் கல்யாணத்துக்கும் அதுதான், காதுகுத்துக்கும் அதுதான், சாவுக்கும் அதுதான். பத்து மணி வாக்கில் ஒரு காற்று கிளம்பியது. துணி உப்பியது, கயிறுகள் விறைத்தன, நான்கு மூங்கிலும் முனகின. சனமெல்லாம் உன் முகத்தைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் பலமாக அடித்தால் வாசல், வாடகை நாற்காலிகள், கண்ணாடிப் பெட்டிக்குள் நீ, எல்லாம் மொத்தமாகக் கிளம்பி செம்பரம்பாக்கம் நடு ஏரிக்குப் போய்விடும் என்று தோன்றியது. எழுந்துபோய் ஒரு மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். துக்கம் தாளாமல் பிடித்துக்கொண்டேன் என்று ஊர் நினைத்தது. நினைக்கட்டும்.

இப்போது எழுதுவது உன்னைப் புகழ்வதற்காக இல்லை. உன்னைப் புகழ நான் தொடங்கினால் பெங்களூர் வரைக்கும் போஸ்டர் ஒட்ட வேண்டியிருக்கும். உனக்கு ஒரு செய்தி பாக்கி இருக்கிறது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம்தான் அது என் கைக்கு வந்தது. நீ தெரிந்துகொள்ளாமலே போய்விட்டாய். அதைச் சொல்ல, படகிலிருந்து தொடங்கினால்தான் சரிப்படும்.

உனக்குத்தான் தெரியுமே, அம்பத்தூரில் நம் கம்பெனியில் நீ எப்பேர்ப்பட்ட ஆள் என்று. இரும்புத் தொட்டி செய்யும் தொழிற்சாலையில் ஒழுகல் பார்க்கிற பிரிவு. வெல்டிங் முடிந்து வரும் ஒவ்வொரு தொட்டியையும் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, நிற்கவைத்து, கையில் சாக்கட்டியோடு சுற்றிச் சுற்றி வருவாய். எங்கே துளி எட்டிப் பார்க்கிறதோ அங்கே ஒரு வட்டம். நீ வட்டம் போட்டால் போட்டதுதான்; எமன் வந்து கையெழுத்துப் போட்டாலும் அந்தத் தொட்டி வாசலைத் தாண்டாது. நான் பக்கத்தில் பேக்கிங் பிரிவில் ஆணி அடிக்கிற சக்கரவர்த்தி. உன் நேர்மையைப் பார்த்துத்தான் என் தங்கை வசந்தாவை உனக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டில் சண்டை போட்டேன். அதில் ஒரு வார்த்தையும் மிகையில்லை.

ஆனால் அந்த வீட்டில் என் வார்த்தைக்கு ஒரு சட்டம் இருந்தது. நீ போட்ட சட்டம். "மச்சான் இன்னா சொன்னாலும் பத்தால வகு." முந்நூறு பேர் பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று நான் சொன்னால் நீங்கள் முப்பது என்று எடுத்துக்கொள்வீர்கள். என் மேல் தப்புதான். ஆவடி பஸ்ஸில் ஒரு முறை என் காலை மிதித்தவன் யானைப்பாகன் என்றும், யானையும் டிக்கெட் எடுத்துப் பின்னால் நின்றது என்றும் சொன்னவன்தானே நான். வசந்தா சோறு பிசைந்துகொண்டே, "அப்போ ஒரு கன்னுக்குட்டின்னு வெச்சுக்கலாம்" என்பாள்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில் பன்னிரண்டு அடிப் பாய்மரப் படகுக்கு வரைபடம் இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து நீ பூந்தமல்லி மனிதனாக இல்லை. இயந்திரங்கள் வந்திறங்கிய மரப்பெட்டிகளை ஏலத்தில் எடுத்தோம். உன் வீட்டுப் பின்புறம், கிணற்றுக்கும் குளியலறைக்கும் நடுவில், ஆஸ்பெஸ்டாஸ் தாழ்வாரத்துக்குக் கீழே இரண்டு மர முக்காலிகள் போட்டு, அதன் மேல் அது வளர்ந்தது. முதலில் விலா எலும்பு மாதிரி சட்டங்கள். பிறகு அதன் மேல் வெளிப்பக்கமிருந்து ஆணியடித்த பலகைகள். இடுக்குகளில் பஞ்சுத் திரி அடைத்து, மேலே லாரியில் ஒடுக்கு அடைக்கப் பூசுகிற மக்குப் பசை. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் வந்து ஆணி அடித்தேன். என் ஆயுளில் நான் அடித்த ஆணிகளை வரிசையாக வைத்தால் இலங்கைக்குப் பாலம் போட்டிருக்கலாம். ஆனால் அந்தப் படகில் அடித்தவைதான் இன்றைக்கும் கனவில் வருகின்றன.

பாய்க்குத் துணி தேடி அலைந்து, கடைசியில் பந்தல்காரர் கழித்துப்போட்ட ஷாமியானா ஒன்றை வாங்கி வந்தாய். வசந்தா அதை விரித்துப் பார்த்தாள்.

"இது எத்தினி சாவு ஊட்டுல நின்ன துணியோ. இதைப் போய்ப் படகுல கட்டறீங்களா?"

"கல்யாண ஊட்டுலயும்தானே நின்னுச்சு?" என்றாய் நீ. "கணக்குப் பாத்தா சரியாப் பூடும்."

அவள் மூன்று நாள் உட்கார்ந்து அதைத் தைத்துக் கொடுத்தாள்.

படகு ஒழுகுகிறதா என்று நீ சோதனை செய்த மாதம் மழைக்கு முந்தையது. ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம். தண்ணி லாரி வந்தால் தெருவில் யுத்தம் நடக்கும். பாரதப் போரெல்லாம் அதற்குப் பக்கத்தில் பல்லாங்குழி. அந்த நேரத்தில்தான் உன் கிணற்றில் இருந்ததை வாளி வாளியாக இறைத்து, படகுக்குள்ளே ஊற்ற ஆரம்பித்தாய்.

"இன்னா மாப்ளே, படகு தண்ணி மேலதானே போவணும்? தண்ணிய ஏன் மேல ஏத்தறே?" என்று நான்கூடக் கேட்டேன்.

நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய், தொட்டிக்குச் சாக்கட்டி எடுக்கிற அதே சிரிப்பு. "மச்சான், உள்ள ஊத்துன தண்ணி வெளிய போவலன்னா, வெளிய கீற தண்ணி எப்டி உள்ள வரும்? ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

எனக்கு அது வேதவாக்காகப் பட்டது. கம்பெனியில் அத்தனை பேருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும். பத்து வருஷமாக நாம் பார்த்ததெல்லாம் அந்த ஒரு பரீட்சைதானே. தொட்டி என்பது உள்ளேயிருந்து வெளியே தள்ளுவதைத் தாங்க வேண்டியது. படகு வெளியேயிருந்து உள்ளே தள்ளுவதைத் தாங்க வேண்டியது. இந்த வித்தியாசம் நம் இரண்டு பேர் மண்டையிலும் ஏறவில்லை.

விளிம்பு வரை நிரப்பினாய். ஓர் எருமை மாடு சினைப்பட்டு நிற்பது போல நடுவயிறு தொங்க, இரண்டு முக்காலிகளின் மேல் அது நின்றது. முதல் நாள் ஒழுகியது. இரண்டாம் நாள் மரம் ஊறிக் குறைந்தது. மூன்றாம் நாள் ஒரு துளி இல்லை. நீ சாக்கட்டியால் முன்பக்கத்தில் 'சரி' என்று எழுதினாய். அந்தச் சாயங்காலம் நான் கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். பல்லிதான் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. பல்லி எங்கே என்று தேடிப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

பக்கத்து வீட்டுக் கன்னியம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். இடுப்பில் காலிக் குடம்.

"ஏம்பா, நாங்க குடிக்கத் தண்ணியில்லாம சாவறோம். நீ கட்டைக்கு ஊத்திக்கினு கீறே?"

"பரீட்சை வெக்கறேங்க்கா. முடிஞ்சிச்சு. வந்து மொண்டுக்குங்க."

தெருவே திரண்டு வந்தது. படகிலிருந்து குடத்தில் மொண்டு போனார்கள். கன்னியம்மா கடைசிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, ஈரமான பலகையை உள்ளங்கையால் தட்டிப் பார்த்தாள். "இத்தினி தண்ணிய உள்ள வாங்கிப் பழகிடுச்சு. இனிமே கேக்கும்பா" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான்தான் எல்லோருக்கும் முன்னால் பலமாகச் சிரித்தேன்.

பிறகு மழை வந்தது, ஏரி நிறைந்தது. படகு தாழ்வாரத்தில் காய்ந்தது. சாம்பல் நிறப் பெயின்ட் அடித்தாய். பக்கவாட்டில் வெள்ளை எழுத்தில் 'வசந்தா' என்று எழுதினாய். காணும் பொங்கலன்று செம்பரம்பாக்கம் ஏரியில் இறக்குவது, முதல் சவாரி வீட்டுக்காரிக்கு என்று அறிவித்தாய். புதுச் சைக்கிள் வாங்கினாலும் முதலில் மனைவியை உட்கார வைத்து ஒரு சுற்றுப் போகிற வழக்கம் உன்னுடையது. உனக்கு நீச்சல் தெரியாது. அவளுக்கும் தெரியாது. நான் கேட்டதற்கு, "ரயில் கட்றவனுக்கு ரயிலாட்டம் ஓடத் தெரிஞ்சிருக்கணுமா மச்சான்?" என்றாய்.

போகிப் பண்டிகை மத்தியானம் வசந்தாவைப் பயமுறுத்துவதற்காகப் படகுக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டேன். துணி உலர்த்த வருவாள், கணுக்காலைப் பிடித்து முதலை என்று கத்தலாம் என்பது என் மகத்தான திட்டம். அவள் வர நேரமானது. என் மூக்குக்கு ஒரு முழம் மேலே படகின் அடிவயிறு. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பெயின்ட்டில் சின்னச் சின்ன வட்டங்களாக வெடிப்பு. ஒவ்வொரு வட்டத்துக்கு நடுவிலும் ஓர் ஆணித்தலை, அரிசி அளவு எழும்பி நின்றது. விரலால் தொட்டேன், ஆடியது. இடப்பக்கம் நடுவிலேயே வரிசையாக. ஊற்றிய தண்ணீரின் பாரத்தில் பலகை கீழே இறங்கி ஆணியைச் சட்டத்திலிருந்து உருவியிருக்கிறது; தண்ணீரை எடுத்ததும் பலகை பழைய இடத்துக்குப் போய்விட்டது, ஆணி போகவில்லை. அந்த 'டிக்' என்னவென்று அப்போது புரிந்தது. எண்ணினேன். பதினொன்று. வசந்தா வந்தாள், துணி உலர்த்தினாள், போனாள். அவள் காலைப் பிடிக்க என் கை எழவில்லை.

அப்போதாவது நான் மனிதன் மாதிரிப் பேசியிருக்கலாம். பழக்கம் விடவில்லை. உன்னிடம் ஓடிவந்து என்ன சொன்னேன்? "மாப்ளே! பாதாளலோகத்துக்கு நேர் வண்டி கட்டியிருக்கே! பதினோரு ஆணி வாயத் தொறந்துகினு எமனக் கூப்டுது!"

நீ இரும்புப் படியில் உட்கார்ந்து கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாய். தலையைத் தூக்கவில்லை. "பதினொண்ணா? அப்போ ஒண்ணுன்னு வெச்சுக்கலாம். ஒரு ஆணிதானே. தட்டிட்டாப் போச்சு."

"டேய், மெய்யா சொல்றேன்டா."

"யானை டிக்கெட் எடுத்ததுகூட மெய்தான்னு சொன்னே."

நான் உன் கையைப் பிடித்து இழுத்தேன். நீ உதறினாய். முகம் மாறிவிட்டது. "மூணு நாளு தண்ணி நின்னுச்சு மச்சான். ஒரு சொட்டு வரல. நான் பாஸ் பண்ணது அது" என்றாய். உன் 'பாஸ்' என்ற சொல்லுக்கு மேலே இந்த உலகத்தில் நீதிமன்றம் கிடையாது என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டேன்.

காணும் பொங்கல் காலையில் படகை மீன்பாடி வண்டியில் ஏற்றினோம். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒரு சக்கரம். மூன்றுக்கும் அடியில் வசந்தா எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டிக்காரர் கண்ணுக்கு முன்னால் படகு மறைத்ததால் நான் சைக்கிளில் முன்னே போய், "விலகு, விலகு! பூந்தமல்லிக் கடற்படை வருது!" என்று கத்திக்கொண்டே போனேன். நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்து மரியாதை செய்தார்கள். என் தொண்டை அன்றைக்கு ஓயவில்லை. ஓய்ந்தால் அந்தப் பதினொன்று காதில் கேட்டது.

ஏரிக்கரையில் கூட்டம் கும்பகோணம் மகாமகம் மாதிரி. கட்டுச்சோறும் கரும்புமாகக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். நம் படகைக் கண்டதும் எல்லோரும் எழுந்து வந்தார்கள். லாரி டியூபில் மிதந்தபடி வலை போடுகிற ஒருவர், முடி நரைத்தவர், டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்து படகைச் சுற்றிப் பார்த்தார்.

"இது இன்னா அண்ணாத்தே, சாமி தேரா?"

"பாய்மரப் படகு" என்றாய்.

"தண்ணில ரெண்டு நாளு கட்டிப் போட்டுப் பாத்தியா?"

"அதெல்லாம் மூணு நாளு உள்ள ஊத்தியே பாத்தாச்சு."

அவர் நின்றார். "உள்ளயா?" என்றார். அவ்வளவுதான். அப்புறம் உன்னையும் படகையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, காற்று எங்கிருந்து வருகிறதென்று முகத்தைத் திருப்பிப் பார்த்தார். காற்று நம் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது, கரையிலிருந்து ஏரிக்குள். போவதற்குக் காற்று இருந்தது. திரும்பி வருவதற்கு என்ன இருந்தது என்று அந்தக் கரையில் அவர் ஒருவர்தான் யோசித்திருப்பார்.

பூசணிக்காய் உடைத்தாய். தேங்காய் உடைத்தாய். படகுக்கு ஏது சக்கரம்? வசந்தா ஓர் எலுமிச்சம்பழத்தைத் தண்ணீரில் படகின் மூக்குக்கு முன்னால் போட்டாள். படகு அதை நசுக்காமல் ஒதுக்கியது. அது பாட்டுக்கு மிதந்து போனது.

நீ ஏறிப் பின்னால் உட்கார்ந்தாய். அவள் பட்டுப்புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்து, ஒரு காலை எடுத்து விளிம்பில் வைத்தாள். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை மாப்பிள்ளை. அந்தக் கால் மட்டும் தெரிந்தது. "நிறுத்து! மச்சானுக்கே முதல் மரியாதை!" என்று கூவிக்கொண்டு, கரைக்கல்லிலிருந்து தாவிப் படகுக்குள் விழுந்தேன். என் அன்றைய எடை ஒரு கோயில் மணிக்குக் குறைவில்லை. விழுந்த வேகத்தில் படகு கரையை விட்டு நழுவியது. பாயில் காற்று பிடித்தது. வசந்தா இடுப்பளவு தண்ணீரில் நின்று, "அண்ணே! எறங்கு! எறங்குண்ணே!" என்று கத்தினாள். கரையெல்லாம் சிரித்தது.

நீ சிரிக்கவில்லை. "அவளுக்குன்னு கட்டினது" என்றாய், பல்லைக் கடித்துக்கொண்டு. "அவ பேரு எழுதி வெச்சிருக்கேன். உனக்கு எல்லாமே வெளயாட்டா? இரு, நடு ஏரியக் காட்றேன் உனக்கு." சுக்கானை நேராகப் பிடித்தாய்.

ஒன்று சொல்ல வேண்டும். அது ஓடியது. கல்யாணமும் கருமாதியும் பார்த்த அந்தத் துணி வயிறு நிறையக் காற்றை வாங்க, பெட்டிப் பலகை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போன சத்தம் இருக்கிறதே, அதற்கு முன்னால் எந்த நாதஸ்வரமும் நிற்காது. உன் கோபம்கூட ஒரு நிமிஷம் இறங்கிவிட்டது. உன் முகத்தைப் பார்த்தேன். அந்த மாதிரி ஒரு முகத்தை உன் கல்யாண நாளில்கூட நான் பார்க்கவில்லை. கரையில் ஆட்கள் விரல் அளவு ஆனார்கள்.

பிறகு என் கால் நனைந்தது.

முதலில் நூலாக வந்தது. பூசைக்கு உடைத்துப் படகில் வைத்திருந்த தேங்காய் மூடியால் மொண்டு இறைத்தேன். நீ ஒரு மூடியை எடுத்தாய். 'டிக்' என்றது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை, சட்டியில் அரிசி பொரிவது போல. இடப்பக்கப் பலகை மெதுவாக, அவசரமே இல்லாமல், கதவு திறப்பது போலத் திறந்தது. படகு சாய, பாய்மரம் சாய, அந்தத் துணி முழுக்க உன் மேல் விழுந்தது.

நான் கழன்ற பலகையைக் கட்டிக்கொண்டு மிதந்தேன். உன்னைக் காணவில்லை. தண்ணீருக்கு மேலே சிவப்பும் மஞ்சளும் நீலமும் விரிந்து கிடந்தது. அதன் நடுவில் ஓர் இடம் மட்டும் உள்ளேயிருந்து முட்டியது. உன் தலை. ஓரிடத்தில் முட்டும், அடங்கும், வேறிடத்தில் முட்டும். நான் ஒரு கையால் துணியை இழுத்தேன். ஈரத் துணி இரும்பாகக் கனத்தது. இதில் நான் பத்தால் பெருக்கவில்லை. முட்டுவது நின்றது. அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

டியூப்காரர் நாம் நனைவதற்கு முன்பே கரையிலிருந்து கிளம்பியிருக்கிறார். அதனால்தான் நீ பிழைத்தாய். வலை அறுக்கிற கத்தியால் துணியைக் கிழித்து, உன் முடியைப் பிடித்து வெளியே இழுத்தார். நம்மை டியூபில் தொங்கவிட்டுக் காலால் உதைத்து உதைத்துக் கரை சேர்த்தார். "உள்ள ஊத்துனாராம், உள்ள" என்று வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்.

கரையில் உன்னைக் குப்புறப் போட்டு முதுகை அழுத்தினார்கள். தண்ணீராகக் கக்கினாய். நீ இருமுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வசந்தா எழுந்தாள். நேராக என்னிடம் வந்தாள். விட்டாள் ஒரு அறை, இடது கன்னத்தில். அத்தனை ஜனத்துக்கு முன்னால், கூடப் பிறந்த அண்ணனை.

"நீ குதிச்சுதாண்ணே ஒடைச்சே! நீ குதிச்சுதான்!"

நீ மண்ணில் கிடந்தபடி என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். பதினோரு ஆணி என்று நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தால், எச்சரித்த பிறகும் நீ அவளை ஏற்ற இருந்தாய் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். "ஆமா, நான்தான் ஒடைச்சேன்" என்றேன். நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

அன்றிலிருந்து அது என் கதை. எந்த விசேஷமானாலும், "மாமா படகை ஒடைச்ச கதையைச் சொல்லுங்க" என்பார்கள். ஐந்தடி உயரத்திலிருந்து குதித்தேன், பிறகு பத்தடி, கடைசியாகச் சொன்னபோது ஏரிக்கரைப் பனைமரத்து உச்சியிலிருந்து. நீ மூலையில் உட்கார்ந்து காபி குடிப்பாய். அதற்குப் பிறகு நீ மரத்தைத் தொடவே இல்லை. நான் உள்ளுக்குள் எப்படி இருந்தேன் தெரியுமா? ராஜாவாக இருந்தேன். தங்கை உயிரைக் காத்து, தங்கை புருஷன் மானத்தையும் காத்து, பழியைத் தலையில் சுமந்த தியாகி. முப்பது வருஷம் அந்தக் கிரீடத்தை யாருக்கும் காட்டாமல் போட்டுக்கொண்டு திரிந்தேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் நீ என் சட்டையைப் பிடித்து அருகில் இழுத்தாய். மூக்கில் குழாய். "மச்சான், அன்னிக்கு மெய்யா எத்தினி ஆணி?"

"பதினொண்ணு."

"நான் எண்ணுனப்போ பதினாலு."

நீ கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாய். காணும் பொங்கல் விடியற்காலை, நீ அடியில் போய்ப் பார்த்திருக்கிறாய். பதினாலு. எல்லாவற்றையும் தட்டி, மேலே பெயின்ட் தொட்டுவிட்டிருக்கிறாய். "பழைய ஓட்டையிலயே தட்டுனா புடிக்காதுன்னு தெரியும் மச்சான். ஆனா மூணு நாளு தண்ணி நின்னுச்சே. நான் பாஸ் பண்ணிட்டேனே." கண் ஓரம் வழிந்தது. "நீ குதிக்கலன்னா அவ ஏறியிருப்பா. நான் போனப்புறம் அவகிட்ட சொல்லிடு. என் வாயால வரல."

பதினாறாம் நாள் சாயங்காலம், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, சொன்னேன். அலங்காரம் ஒன்றும் இல்லாமல். என் எழுபது வருஷத்தில் அவ்வளவு சின்ன வாக்கியங்களை நான் பேசியதில்லை. வசந்தா வாழை இலைகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"தெரியும்ணே" என்றாள்.

"எது தெரியும்?"

"அன்னிக்கு விடிகாலையில கோலம் போட எழுந்தேன். பின்னால சத்தம் கேட்டுச்சு. சுத்தியல்ல துணி சுத்தித் தட்டிக்கினு இருந்தாரு, எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. குளிக்கற ரூம் பின்னால நின்னு பாத்தேன்."

"தெரிஞ்சா ஏறப் பாத்தே?"

"கேட்டிருந்தா படகை நிறுத்தியிருப்பாரு. அப்புறம் மனுஷன் எதுக்குமே எழுந்து நின்னிருக்க மாட்டாரு. ஒடிஞ்சி பூடுவாரு." இலையைக் கீழே வைத்தாள். "கரையோரம் இடுப்பளவு தண்ணிதானேண்ணே. நான் உள்ள ஒக்காந்தா அதத் தாண்டிப் போவ மாட்டாரு. பயமா கீதுன்னு ஒரு கத்து கத்துனா திருப்பிடுவாரு. ஒரு சுத்து சுத்துன மாதிரியும் ஆச்சு, படகு ஓடுன மாதிரியும் ஆச்சு. அப்டியே கரையில கட்டிப் போட்டிருக்கலாம். எல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன். நீ பூந்தே."

அவள் அடுத்த இலையை எடுத்துச் சுருட்டினாள்.

"உன் மேல கீற கோவத்துலதான் அவரு நடு ஏரிக்குப் போனாரு. அந்தத் துணிக்குள்ள அவரு முட்டிக்கினு இருந்தத நானும் கரையிலேர்ந்து பாத்துக்கினுதான் இருந்தேன். நான் அறைஞ்சது படகுக்காவ இல்லண்ணே."

இதுதான் செய்தி மாப்பிள்ளை. நீ அவளிடம் மறைத்ததாக நினைத்துக்கொண்டே போனாய். அவள் அதைத் தெரிந்துகொண்டு, தெரியாத மாதிரி, முப்பது வருஷம் உனக்குச் சோறு போட்டாள். நான் பனைமரத்திலிருந்து குதித்த ஒவ்வொரு முறையும் அவளும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள். நான் குதித்ததில் நீதான் சாகக் கிடந்தாய் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நானும் ஒடிந்துபோவேன் என்று நினைத்திருப்பாள்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். "அன்னிக்கு வலிச்சுதாண்ணே?" என்று கேட்டாள்.

பூந்தமல்லி முழுக்கக் கேட்டது, காக்கையெல்லாம் பறந்தது என்று சொல்ல வாய் வந்தது. "வலிச்சுது" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

அந்த அறையை இத்தனை காலம் பதக்கமாகக் கன்னத்தில் குத்திக்கொண்டு திரிந்தேன். அது என்ன அறை என்று இப்போதுதான் தெரிகிறது. காலையில் சவரம் செய்ய உட்கார்ந்தால் இடது கன்னத்துக்கு வரும்போது கை தானாக மெதுவாகிறது. மெதுவாகவே போகட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

உன் மச்சான்